எஸ்.ஏ.பி. ஆளுக்குத் தட்டுப்பாடு என்கிறார்கள், கோர்ஸ் முடித்தவருக்கோ வேலை இல்லை: சேலத்திலிருந்து ஒரு விரிவான பதில்

கேள்வி இது: "சேலத்தில் பி.காம். முடித்துவிட்டு மூன்று வருடமாக ஒரு வார்ப்பட ஆலையில் பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ் இரண்டும் பார்க்கிறேன். எஸ்.ஏ.பி. கன்சல்டன்ட்டுகளுக்குப் பெரிய தட்டுப்பாடு, 2027-க்குள் ஏராளமான ஆள் வேண்டும் என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். கட்டணம் 80,000 ரூபாய். ஆனால் அதே கோர்ஸ் முடித்த என் நண்பர்கள் இருவருக்கும் ஒரு வருடமாக இன்டர்வியூ அழைப்புகூட வரவில்லை. யார் சொல்வதை நம்புவது?"

எஸ்.ஏ.பி. என்பது ஒரு நிறுவனத்தின் வாங்கல், ஸ்டாக், விற்பனை, கணக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கும் ஜெர்மன் மென்பொருள், அதை ஆலைக்கு ஏற்ப அமைத்துக் கொடுப்பவர்தான் கன்சல்டன்ட். இரண்டு தரப்பும் சொல்வது உண்மைதான். ஆள் கிடைக்காமல் புராஜெக்ட்டுகள் தள்ளிப்போகின்றன. கோர்ஸ் முடித்தவர்களும் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் உங்கள் 80,000 ரூபாயை என்ன செய்வது என்பதும் தெளிவாகிவிடும். நான் எஸ்.ஏ.பி.யில் வாங்கலையும் ஸ்டாக்கையும் பார்க்கும் பகுதியான எம்.எம். மாட்யூலில் நீண்ட காலமாக வேலை பார்க்கிறவன், ஆள் எடுக்கும் இன்டர்வியூக்களில் எதிர்ப்பக்கம் உட்காருகிறவன், சேலத்துக்காரன். அந்த மூன்றையும் வைத்துச் சொல்கிறேன்.

முதலில் அந்த 2027. எஸ்.ஏ.பி.யின் முந்தைய தலைமுறை மென்பொருள் ஈ.சி.சி. இன்றும் பல ஆலைகளில் அதுதான் ஓடுகிறது. 2015 பிப்ரவரியில் அதற்கு அடுத்த தலைமுறையாக எஸ்/4 ஹானாவை வெளியிட்டார்கள். பழையதற்கான வழக்கமான பராமரிப்பு 2025-உடன் முடியும் என்று முதலில் அறிவித்தார்கள். யாரும் அத்தனை வேகமாக மாறவில்லை. 2020 பிப்ரவரியில் அந்தக் கெடுவை 2027 இறுதிக்குத் தள்ளினார்கள். கூடுதல் பணம் கட்டுகிறவர்களுக்கு 2030 இறுதி வரை அவகாசம் உண்டு. ஆகவே பயிற்சி நிலையம் சொல்லும் வருடம் பொய்யில்லை. மாறியாக வேண்டிய நிறுவனங்கள் இருக்கின்றன, அந்த வேலைக்கு ஆள் வேண்டும்.

எந்த ஆள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஈ.சி.சி.யிலிருந்து எஸ்/4-க்குப் போவது பழைய டேட்டாவைத் தூக்கிப் புது சர்வரில் வைக்கிற வேலை அல்ல. சப்ளையருக்கு ஒரு மாஸ்டர் (அடிப்படை விவரப் பதிவு), கஸ்டமருக்கு ஒரு மாஸ்டர் என்று தனித்தனியாக இருந்தவை 'பிசினஸ் பார்ட்னர்' என்ற ஒரே பதிவாகின்றன. பல டேபிள்களில் சிதறிக் கிடந்த நிதிக் கணக்கு ஒரே பெரிய ஜர்னலுக்குள் வருகிறது. விருப்பம் இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்றிருந்த, பொருள்களின் மதிப்பைக் கணக்கிடும் மெட்டீரியல் லெட்ஜர் கட்டாயமாகிறது. மெட்டீரியல் எண் 18 எழுத்து நீளத்திலிருந்து 40 ஆகிறது. இது சின்ன மாற்றம் போலத் தெரியும். ஆனால் அந்த ஆலைக்கென்று பதினைந்து வருடத்துக்கு முன்னால் யாரோ எழுதி வைத்த 'இசட்' புரோகிராம்களில் எத்தனை 18 எழுத்தை நம்பிக்கொண்டிருக்கின்றன என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அந்த புரோகிராம் ஏன் எழுதப்பட்டது, இன்றைக்கும் அது தேவையா, புதிய மென்பொருளிலேயே அந்த வசதி வந்துவிட்டதா என்று முடிவெடுக்க வேண்டும். அதை முடிவெடுக்க ஈ.சி.சி.யை உள்ளும் புறமும் அறிந்த ஆள் வேண்டும், அவருக்கே எஸ்/4-உம் தெரிந்திருக்க வேண்டும், அந்த ஆலை எப்படி வாங்கி எப்படி விற்கிறது என்பதும் புரிய வேண்டும்.

தட்டுப்பாடு இந்த ஆளுக்குத்தான். 1990-களின் இறுதியிலும் 2000-களிலும் நுழைந்தவர்களில் பலர் இப்போது மேலாளர்கள், சிலர் வெளிநாட்டில், சிலர் ஓய்வில். அவர்களுக்கு அடுத்த வரிசை மெலிந்துபோயிருக்கிறது.

அது ஏன் மெலிந்தது என்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. நான் சொல்கிறேன். கன்சல்டிங் கம்பெனி ஒரு ஆளின் நாளுக்கு இத்தனை ரூபாய் என்று வாடிக்கையாளரிடம் பில் போடுகிறது. வாடிக்கையாளர் அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவரையும் தானே இன்டர்வியூ செய்கிறார். "ஃப்ரெஷரை என் புராஜெக்ட்டில் போடாதே, குறைந்தது ஐந்து வருட அனுபவம் வேண்டும்" என்கிறார். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. நாள் கணக்கில் பணம் கொடுக்கிறவர் பழகுகிறவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? கன்சல்டிங் கம்பெனியோ பில் போட முடியாத ஆளைச் சும்மா உட்கார வைக்க விரும்புவதில்லை. பெரிய நிறுவனங்கள் கல்லூரிகளிலிருந்து ஆள் எடுக்கத்தான் செய்கின்றன. ஆனால் பெரும்பாலானோரை எஸ்.ஏ.பி.யின் மொழியான ஏபாப்பில் புரோகிராம் எழுதவோ, ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளின் குறைகளைத் தீர்க்கும் சப்போர்ட்டிலோ போட்டுவிடுகிறார்கள். சப்போர்ட்டில் இருப்பவருக்கு டிக்கெட் (ஒரு குறை பற்றிய புகார்) வரும், டிக்கெட்டை மூடுவார். நான்கு வருடம் டிக்கெட் மூடியவர் ஒரு ஆலைக்குள் போய் "நீங்கள் எப்படி வாங்குகிறீர்கள்?" என்று கேட்டு, வெள்ளைப் பலகையில் வரைந்து, அதை மென்பொருளில் அமைத்த அனுபவத்தை ஒரு தடவைகூடப் பெற்றிருக்க மாட்டார். அனுபவம் இருப்பவரையே எடுப்போம், அனுபவம் தரமாட்டோம் என்று ஒரு துறை மொத்தமும் பல வருடம் நடந்துகொண்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆகியிருக்கிறது. இந்தத் தட்டுப்பாடு வானத்திலிருந்து விழவில்லை, தொழிலே உண்டாக்கிக்கொண்டது.

இனி, 45 நாள் கோர்ஸில் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். எல்லாப் பயிற்சி நிலையங்களையும் குறை சொல்ல மாட்டேன், நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். ஆனால் பொதுவான வடிவம் இதுதான்: கம்பெனி கோட் உருவாக்கு, பிளான்ட் உருவாக்கு, ஸ்டோரேஜ் லொகேஷன் உருவாக்கு, பர்ச்சேஸ் குரூப் உருவாக்கு, பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்) போடு, மிகோ என்ற திரையில் சரக்கை வரவு வை, மைரோ என்ற திரையில் பில்லைப் போடு. திரைகளின் வரிசை மனப்பாடமாகிவிடும். அந்தத் திரைக்குப் பின்னால் ஆலையில் என்ன நடக்கிறது என்பது வகுப்பில் வருவதில்லை.

இன்டர்வியூவில் நான் கேட்கும் ஒரு சாதாரணக் கேள்வியைச் சொல்கிறேன். சரக்கு இறங்கிவிட்டது, ஸ்டோர்ஸில் வரவு வைத்தாகிவிட்டது, சப்ளையர் பில் இன்னும் வரவில்லை, மாதக் கடைசி தேதி. கணக்கில் என்ன நிற்கும்? கோர்ஸ் முடித்தவர்களில் பலர் "மிகோ போட்டோம் சார், அடுத்து மைரோ போடணும்" என்பார்கள். அது திரை வரிசை, என் கேள்விக்குப் பதில் அல்ல. ஸ்டாக் கணக்கில் பற்று, சரக்கு வரவுக்கும் பில்லுக்கும் இடையில் நிற்கும் ஜி.ஆர்.ஐ.ஆர். கணக்கில் வரவு. பில் வரும்போது ஜி.ஆர்.ஐ.ஆர். பற்றாகி சப்ளையர் கணக்கு வரவாகும். வரவு வைத்தது பத்து டன், பில் வந்தது 10.2 டன்னுக்கு என்றால் அந்த வித்தியாசம் ஜி.ஆர்.ஐ.ஆர்.-இல் தொங்கும். அந்தத் தொங்கலை மாதாமாதம் யார் பார்ப்பது? விலை மாறியிருந்தால்? மூவிங் ஆவரேஜ் விலையில் (வாங்க வாங்க மாறும் சராசரி விலை) இருக்கும் பொருளாக இருந்து, ஸ்டாக்கும் கையில் இருந்தால், வித்தியாசம் ஸ்டாக் மதிப்பில் ஏறும். ஸ்டாண்டர்டு விலையில் (முன்கூட்டியே நிர்ணயித்த விலை) இருந்தால் தனி விலை வித்தியாசக் கணக்குக்குப் போகும். ஆலை முதலாளிக்கு இரண்டும் ஒன்றல்ல, அவருடைய மாத லாபமே மாறித் தெரியும். மூன்று வருடம் ஸ்டோர்ஸில் இருந்த உங்களுக்கு இந்தப் பிரச்சினையின் முக்கால்வாசி ஏற்கனவே தெரியும். பெயர்கள் மட்டும்தான் தெரியாது.

சேலத்து உதாரணம் ஒன்றை எடுக்கிறேன். ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கு வாங்குகின்றன. கிழங்குக்கு வெறும் எடையை வைத்து விலை இல்லை. அதில் எத்தனை பாயிண்ட் ஸ்டார்ச் இருக்கிறது என்று பார்த்து, பாயிண்ட்டுக்கு இத்தனை ரூபாய் என்று விலை பேசுகிறார்கள். இதை எஸ்.ஏ.பி.யில் அமைக்கச் சொன்னால்? வகுப்பில் படித்த பி.ஓ.வில் 'அளவு ஒரு டன், விலை இத்தனை' என்று முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். இங்கே விலை லோடு வந்து, எடை போட்டு, பாயிண்ட் பார்த்த பிறகுதான் தெரியும். ஒரே விவசாயியின் இரண்டு லோடுக்கு இரண்டு விலை வரலாம். கலந்துவிட்டால் எந்தக் கிழங்கிலிருந்து எத்தனை மாவு வந்தது என்பதும் போச்சு. ஆகவே ஒவ்வொரு லோடும் தனி அடையாளம் உள்ள ஒரு பேட்ச் ஆக வேண்டும், பாயிண்ட் அந்த பேட்ச்சின் பண்பாகப் பதிவாக வேண்டும், கிலோவுக்குப் பக்கத்திலேயே ஸ்டார்ச் அளவும் இன்னொரு அளவையாக நிற்க வேண்டும், விலை இரண்டாவது அளவையைப் பின்பற்ற வேண்டும். மென்பொருளில் இதற்கு வசதி இருக்கிறது. பேட்ச்சுக்கு பேட்ச் மாறும் அளவைகள் என்று ஒரு தனிப் பகுதியே உண்டு. ஆனால் 'இந்த வசதி எனக்கு வேண்டும்' என்று கேட்கத் தோன்றுவதற்கு, லோடு நிற்கும் இடத்தில் நடக்கும் பேரத்தைப் பார்த்திருக்க வேண்டும். அங்கே நின்ற ஆளுக்கு மென்பொருளைக் கற்றுக்கொடுத்துவிடலாம். மென்பொருள் மட்டும் தெரிந்தவருக்கு அந்த இடத்தைக் கற்றுக்கொடுக்க நிறைய நாள் ஆகும்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுத் தொழிலும் இப்படித்தான். கட்டி வெள்ளியைப் பட்டறைக்குக் கொடுக்கிறோம், கொலுசாகத் திரும்பி வருகிறது, நடுவில் சேதாரம். எஸ்.ஏ.பி. பாஷையில் இது சப்கான்ட்ராக்டிங். 541 என்ற சரக்கு அசைவுக் குறியீட்டில் வெள்ளி வெளியே போகும், ஆனாலும் அது நம் சொத்தாகவே, 'ஜாப்வொர்க்காரரிடம் உள்ள ஸ்டாக்' என்று கணக்கில் நிற்கும். கொலுசு 101-இல் உள்ளே வரும்போது 543-இல் வெள்ளி கழியும். சேதாரத்தை எங்கே வைப்பது என்பதுதான் கன்சல்டன்ட்டின் வேலை. இதோடு ஜி.எஸ்.டி. சட்டத்தின் 143-ஆம் பிரிவும் சேர்ந்துகொள்கிறது. ஜாப்வொர்க்குக்கு அனுப்பிய மூலப்பொருள் ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும், இயந்திரம் போன்றவை மூன்று வருடத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாகக் கருதி வரி வரும். எந்தச் சலானில் எத்தனை கிராம் இன்னும் வெளியே நிற்கிறது என்று கணினி சொல்ல வேண்டும். உங்கள் வார்ப்பட ஆலையிலும் மெஷினிங்குக்கு வெளியே அனுப்புவீர்கள், அதே கதைதான். இதைக் கோர்வையாக விளக்கத் தெரிந்த ஒருவர் இன்டர்வியூவுக்கு வந்தால் நாங்கள் சான்றிதழைத் திருப்பிப் பார்ப்பதே இல்லை.

இந்திய வரி விஷயம் தெரிந்தவருக்கு எப்போதுமே மதிப்பு உண்டு. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது எஸ்.ஏ.பி.யில் பழைய வரி அமைப்பை மாற்றத் தெரிந்தவர்களைத் தேடி அலைந்தார்கள். பிறகு, பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கியது படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் கட்டாயமானது. 5 கோடி என்பது சேலம் லீ பஜாரில் கடை வைத்திருப்பவரைக்கூடத் தொடும் எல்லை. ஜெர்மனியில் எழுதிய மென்பொருளில் இந்தியச் சட்டம் ஒவ்வொரு தடவை மாறும்போதும் இங்கே ஒருவர் உட்கார்ந்து அதைப் பொருத்தியாக வேண்டும். பி.காம். படித்தவருக்கு இது கைக்கு எட்டும் இடம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இருக்கும் இடத்திலிருந்து இயல்பான வழி எம்.எம்., அதோடு எஃப்.ஐ. என்கிற நிதிக் கணக்குப் பகுதியுடன் அது சேரும் இடங்கள். ஏபாப் நோக்கிப் போகாதீர்கள். அங்கே புரோகிராமிங் படித்தவர்களோடு போட்டியிட வேண்டும், உங்கள் மூன்று வருட அனுபவம் அங்கே செல்லாது. பேசிஸ் என்கிற சர்வர் நிர்வாகமும் அப்படியே. 'எம்.எம்., எஸ்.டி., எஃப்.ஐ. மூன்றும் சேர்த்து மூன்று மாதத்தில்' என்று விளம்பரம் வந்தால் (எஸ்.டி. என்பது விற்பனைப் பகுதி) கடந்துவிடுங்கள். மூன்றும் அரைகுறையாகத் தெரிந்தவருக்கு வேலை தருகிற இடம் எதையும் நான் பார்த்ததில்லை.

80,000 ரூபாயை உடனே கட்டாதீர்கள். எஸ்.ஏ.பி. நிறுவனமே தன் கற்றல் தளத்தில் பாடங்களை இலவசமாக வைத்திருக்கிறது, சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் பணம். எஸ்/4-இல் பர்ச்சேஸ் எப்படி நடக்கிறது என்ற பாடத்தை இரவில் ஒரு மணி நேரம் என்று வைத்து முடியுங்கள். பாடத்தில் வரும் ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் ஆலையில் என்ன நடக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். 'ரிலீஸ் ஸ்ட்ராட்டஜி' என்று வந்தால், உங்கள் ஆலையில் எந்தத் தொகை வரை மேனேஜர் கையெழுத்துப் போடலாம், அதற்கு மேல் யாரிடம் போகும், அவர் ஊரில் இல்லாவிட்டால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். அந்த நோட்டு நிரம்பும்போது உங்களிடம் இருப்பது எந்தப் பயிற்சி நிலையமும் தர முடியாத பொருள்.

கையால் செய்து பார்க்க எஸ்.ஏ.பி. சர்வர்தான் வேண்டும் என்றில்லை. இதே வகை மென்பொருளான இ.ஆர்.பி.நெக்ஸ்ட் மும்பையில் உருவானது, ஓப்பன் சோர்ஸ், உங்கள் லேப்டாப்பிலேயே நிறுவலாம். அதே போன்ற ஒடூவுக்கும் இலவச கம்யூனிட்டி பதிப்பு இருக்கிறது. அதில் உங்களுக்குத் தெரிந்த ஒரு தொழிலை எடுத்து முழுக்க ஓட்டிப் பாருங்கள். ஏற்காட்டில் உறவினருக்குக் காபித் தோட்டம் இருந்தால் அது, இளம்பிள்ளையில் சேலை நெய்கிறவர்கள் தெரிந்தால் அது. வாங்குவதில் தொடங்கி, தயாரித்து, விற்று, வரிக் கணக்கோடு மாதத்தை மூடும் வரை. ஓரிடத்தில் மாட்டிக்கொள்வீர்கள். மாட்டிக்கொண்ட இடத்தை எப்படித் தீர்த்தீர்கள் என்று இன்டர்வியூவில் சொல்லுங்கள். எந்த மென்பொருளாக இருந்தாலும் ஸ்டாக்கும் கணக்கும் ஒத்துப்போக வேண்டும் என்ற அடிப்படை மாறாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. நம் ஊர்ச் சிறு, நடுத்தர ஆலைகள் டாலியைத் தாண்டி வளரும்போது எஸ்.ஏ.பி.க்குப் பணம் இல்லாமல் இவற்றைத்தான் நாடுகின்றன. அவர்களுக்கு அமைத்துக் கொடுக்க நல்ல ஆள் சேலத்திலேயே குறைவு.

உங்கள் ஆலையில் என்ன மென்பொருள் ஓடுகிறது என்று நீங்கள் சொல்லவில்லை. எதுவாக இருந்தாலும் சரி, அதை மாற்றப்போகிறார்கள், மேம்படுத்தப்போகிறார்கள் என்று காதில் விழுந்த அன்றே மேனேஜரிடம் போய் "ஸ்டோர்ஸ் பக்கம் கீ யூசராக என்னைப் போடுங்கள்" என்று கேளுங்கள். கீ யூசர் என்றால் மென்பொருளை அமைக்கும் குழுவோடு தன் துறையின் சார்பில் வேலை பார்ப்பவர். ஒருவரும் விரும்பாத வேலை டேட்டா சுத்தம் செய்வது. அதைக் கேட்டு வாங்குங்கள். 6205 பேரிங் ஒன்றே ஸ்டோர்ஸ் பட்டியலில் 'பேரிங் 6205', 'பால் பேரிங் 6205', 'பிஆர்ஜி-6205' என்று மூன்று பெயரில் இருக்கும். மூன்றிலும் ஸ்டாக் நிற்கும், ஒன்றில் தீர்ந்துவிட்டது என்று புதிதாக வாங்கவும் செய்திருப்பார்கள். இதில் எது எதனோடு சேரும் என்பது வெளியிலிருந்து வரும் எந்த கன்சல்டன்ட்டுக்கும் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பழைய டேட்டாவைப் புதிய மென்பொருளுக்கு மாற்றும் மைக்ரேஷன் தாளை நிரப்பி, தவறு வந்து, திருத்தி, மறுபடி ஏற்றி, கோ-லைவ் அன்று (புதிய மென்பொருள் ஓடத் தொடங்கும் நாள்) ஓப்பனிங் ஸ்டாக் பைசா பிசகாமல் ஒத்துப்போகிற வரை கூடவே இருந்தீர்கள் என்றால், அதன்பின் நீங்கள் ஃப்ரெஷர் அல்ல. ஒரு புராஜெக்ட்டை வாடிக்கையாளர் பக்கத்திலிருந்து பார்த்தவர். கன்சல்டிங் கம்பெனிகள் அப்படிப்பட்டவர்களை எடுக்கின்றன. எங்கள் குழுவிலேயே சிறந்தவர்களில் சிலர் ஸ்டோர்ஸிலும் புரொடக்‌ஷன் பிளானிங்கிலும் இருந்து வந்தவர்கள்.

சான்றிதழ் வேண்டாமா? ஆரம்பத்தில் விண்ணப்பம் வடிகட்டப்படும் இடத்தில் உதவும். நோட்டும் பயிற்சியும் கைவந்த பிறகு தேர்வு எழுதுங்கள். அப்போது கோர்ஸ் சேரத் தோன்றினால் சேருங்கள், ஆனால் சேருமுன் மூன்று விஷயம் கேளுங்கள். சொல்லிக்கொடுப்பவர் எந்தெந்த கோ-லைவில் இருந்தார், இப்போதும் வேலையில் இருக்கிறாரா? சர்வர் முறையான உரிமம் உள்ளதா, ஈ.சி.சி.யா எஸ்/4-ஆ? முன்பு படித்தவர்களில் இருவரோடு தனியாகப் பேச விடுவார்களா? பதில் சொல்லத் தயங்கும் இடத்தில் பணம் கட்ட வேண்டாம்.

அடுத்தது கசப்பானது, ஆனால் சொல்லாமல் விட முடியாது. சில இடங்களில் கோர்ஸோடு சேர்த்தே 'மூன்று வருட அனுபவச் சான்றிதழ்' தருகிறோம் என்பார்கள். இன்டர்வியூவில் வேறொருவர் உங்களுக்காகப் பேசுவார் என்றுகூடச் சொல்வார்கள். இதற்கு ஒருபோதும் உடன்படாதீர்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். எண்ணில் நீங்கள் எங்கே எப்போது வேலை பார்த்தீர்கள் என்பது வரிசையாக இருக்கிறது. பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் பார்ப்பதே அதைத்தான். மாட்டினால் அந்த வேலை மட்டும் போகாது, நீங்கள் ஸ்டோர்ஸில் உண்மையாக உழைத்த மூன்று வருடமும் சந்தேகத்துக்கு உள்ளாகும். மாட்டாமல் உள்ளே போனால் நடப்பது இன்னும் மோசம். பொய் அனுபவத்தோடு வந்த ஒருவர் டெலிவரி அமைப்பைத் தவறாக வைத்த ஒரு ஆலையில் கோ-லைவ் அன்று இன்வாய்ஸ் வெளிவரவில்லை. லாரிகள் கேட்டில் நின்றன, டிரைவர்கள் சாப்பாடு இல்லாமல் காத்திருந்தார்கள், ஸ்டோர்ஸ் ஆட்கள் இரவெல்லாம் கையால் சலான் எழுதினார்கள். அந்தச் சுமை அந்த ஆளின் மேல் விழவில்லை, உங்களைப் போன்ற ஸ்டோர்ஸ் ஊழியர்கள் மேல் விழுந்தது. அதனால்தான் இதில் எனக்குக் கோபம் அதிகம்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இனி கன்சல்டன்ட் எதற்கு என்று அடுத்துக் கேட்பீர்கள். ஏபாப் புரோகிராம் எழுதுவது, பழைய புரோகிராமை வாசித்து விளக்குவது, டெஸ்ட் பட்டியல் தயாரிப்பது ஆகியவை வேகமாகிவிட்டன. எஸ்.ஏ.பி.யே 2023-ல் 'ஜூல்' என்ற உதவியாளரைக் கொண்டுவந்தது. திரை வரிசையை மட்டும் அறிந்தவருக்கு இது ஆபத்து. லோடு நிற்கும் இடத்தில் நடக்கும் பேரத்தைக் கேட்டு, ஆலை முதலாளி சொல்லாமல் விட்டதையும் புரிந்துகொண்டு, பர்ச்சேஸ் மேனேஜரையும் அக்கவுன்ட்ஸ் மேனேஜரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவருகிற வேலை மனிதரிடம்தான் இருக்கிறது.

நிறுவனங்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை, இதை அவர்களும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில். அனுபவமுள்ள ஒவ்வொரு இரண்டு கன்சல்டன்ட்டுக்கும் ஒரு புதியவரை, பில் போடாமல், கூடவே உட்கார வையுங்கள். ஆலைக்குள் அவரும் போகட்டும், கூட்டக் குறிப்பை அவர் எழுதட்டும், டேட்டாவை அவர் சரிபார்க்கட்டும். வாடிக்கையாளர் நிறுவனமும் இதற்கு இடம் கொடுக்க வேண்டும். அடுத்த மேம்படுத்தலுக்கு அவர்களுக்கே ஆள் தேவைப்படப்போகிறது. கற்றுக்கொடுத்தால் ஓடிவிடுவார்கள் என்று பயந்து பாண்ட் பத்திரத்தில் கையெழுத்து வாங்குவதைவிட, இரண்டாவது வருடம் சம்பளத்தை நியாயமாக உயர்த்துவது பலன் தரும். ஜோஹோ மென்பொருள் நிறுவனம் 2000-களின் நடுவிலேயே பள்ளி முடித்தவர்களை எடுத்து, உதவித்தொகையும் கொடுத்து, தன்னிடமே பயிற்சி தந்து வேலைக்கு வைத்துக்கொள்ளத் தொடங்கியது. தமிழ்நாட்டிலேயே முடிந்திருக்கிற காரியம் இது. சேலம் கருப்பூரிலேயே பல்கலைக்கழகமும் அரசுப் பொறியியல் கல்லூரியும் அருகருகே இருக்கின்றன. காமர்ஸ் மாணவர்களும் பொறியியல் மாணவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு ஜவ்வரிசி ஆலையின் கணக்கை ஒரு செமஸ்டர் முழுக்க மென்பொருளில் அமைத்தால், இந்தத் துறைக்கு வேண்டிய ஆள் அங்கிருந்தே வருவார்.

கடைசியாக, ஊரை விட்டுப் போக வேண்டுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். முதல் மூன்று, நான்கு வருடம் போங்கள் என்பதே என் பதில். சென்னை, பெங்களூரு மட்டுமே கண்ணில் பட வேண்டாம். கோயம்புத்தூர், ஓசூர் பக்கம் உற்பத்தி ஆலைகள் நிறைய, அங்கே வாடிக்கையாளர் பக்கத்திலேயே ஐ.டி. பிரிவில் எம்.எம். பார்க்க ஆள் எடுப்பார்கள். சம்பளம் கன்சல்டிங் கம்பெனியைவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம், ஆனால் ஆலையும் மென்பொருளும் ஒரே வளாகத்தில் இருக்கும். இரண்டு கோ-லைவ் பார்த்த பிறகு வீட்டிலிருந்து வேலை என்று கேட்டு வாங்கலாம். அதற்கு முன் கேட்காதீர்கள், ஆரம்பத்தில் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் போனில் பேசுவதைக் கேட்டே பாதி கற்றுக்கொள்வீர்கள். முதல் ஆஃபர் சப்போர்ட் வேலையாக வந்தால் மறுக்க வேண்டாம். ஆனால் சேரும்போதே "எப்போது புராஜெக்ட்டுக்கு மாற்றுவீர்கள்?" என்று கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிவையுங்கள். 18 மாதத்துக்குள் மாற்றவில்லை என்றால் அடுத்த இடம் தேடத் தொடங்குங்கள்.